கறிக்கடை எலும்புகளிலிருந்து ஒரு பரிணாமத் தொகுப்பு: கொங்குப் பகுதி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

முதுகெலும்பிகளின் பரிணாமத்தைக் கரும்பலகைப் படத்தை வைத்து விளக்குவதைவிட, மீன், கோழி, வெள்ளாடு ஆகிய மூன்றின் எலும்புகளை மேசையில் பரப்பி மாணவர் கையில் கொடுத்து விளக்குவது எளிது. இம்மூன்றும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று கொங்கு நாட்டில் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் அவற்றைச் சுத்தம் செய்வது பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவை. நம் ஊர் வெயிலுக்கும் எறும்புக்கும் கறிக்கடை வழக்கத்துக்கும் அவை பொருந்துவதில்லை. அவற்றை நம்பி இறங்கித் திண்டாடிய பிறகே கீழே உள்ள முறை கைக்கு வந்தது. பள்ளி உயிரியல் ஆசிரியர்களும் விலங்கியல் முதலாண்டு மாணவர்களும் இதை அப்படியே பின்பற்றலாம்.

மொத்தச் செலவு, கறியின் விலையையும் சேர்த்து, ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைச் சுற்றி வரும். கறி குழம்புக்குப் போய்விடுவதால் உண்மையான செலவு அதில் பாதிகூட இராது. காலம்தான் முக்கியம். பங்குனித் தொடக்கத்தில் ஆரம்பித்தால் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் தொகுப்பு முடிந்துவிடும். மார்கழிக் குளிரில் தொடங்கினால் ஊறவைக்கும் காலம் ஏறத்தாழ இரு மடங்காகும்.

1. எந்த விலங்கு, எந்த வயது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மீனில் இரண்டு வகை வேண்டும். கட்லா அல்லது ரோகு ஒன்று, ஜிலேபிக் கெண்டை (திலாப்பியா) ஒன்று. பவானிசாகர், ஆழியாறு, அமராவதி அணைப் பக்கங்களில் இவை புதிதாகவே கிடைக்கும். கோவையில் உள்ளவர்களுக்கு உக்கடம் மீன் மார்க்கெட் போதும். கட்லா ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் இருந்தால்தான் தலை எலும்புகள் கையாளும் அளவில் இருக்கும்.

கோழியில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். கடையில் தொங்கும் பிராய்லர் கோழியின் வயது ஐந்தாறு வாரம் மட்டுமே. உடல் பெரிதாகத் தெரிந்தாலும் அது குஞ்சுதான். எலும்பு முனைகள் குருத்தெலும்பாகவே இருப்பதால் ஊறவைத்தவுடன் அவை கரைந்துபோகும். மார்பெலும்பின் பின்பாதி காணாமல் போகும். ஆகவே முட்டைப் பண்ணையிலிருந்து கழித்து விற்கப்படும் லேயர் கோழியை வாங்குங்கள். நாமக்கல் பக்கத்தில் இது தாராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு என்பதால் எலும்புகள் முழுமையாக இறுகியிருக்கும். ஒரு குறை உண்டு: முட்டை ஓட்டுக்குக் கால்சியம் கொடுத்துக் கொடுத்து எலும்பின் சுவர் மெலிந்திருக்கும், அழுத்திப் பிடித்தால் ஒடியும். அந்தக் குறையே ஒரு பாடமும் ஆகும். தொடை எலும்பை நீளவாக்கில் பிளந்து பார்த்தால், முட்டையிடும் பறவைகளுக்கே உரிய, கால்சியம் சேமிக்கும் உள்ளெலும்பு பஞ்சுபோல் தெரியும். இதே வகைத் திசு டைரனோசரஸ் ரெக்ஸ் ஒன்றின் தொடை எலும்பில் இருப்பதை 2005-இல் அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள். நாட்டுக்கோழி வாங்க வசதி உள்ளவர்கள் அதையே வாங்கலாம். எலும்பு இன்னும் உறுதியாக இருக்கும்.

பிராய்லரைத் தள்ளிவிட வேண்டாம். அதன் கால்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ந்த கோழியின் பாதத்துக்கு மேலுள்ள நீண்ட எலும்பு ஒற்றை எலும்பாகத் தெரியும். பிராய்லரில் அதன் மேல்முனையிலுள்ள கணுக்கால் பகுதி இன்னும் ஒட்டாமல் தனியே கழலும். பல எலும்புகள் சேர்ந்தே அந்த ஒன்று உண்டாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

ஆட்டில் தலை, கழுத்து, முன்னங்கால் ஆகிய மூன்றும் போதும். வெள்ளாடோ செம்மறியோ எதுவானாலும் சரி.

2. எதைத் தொடக் கூடாது

பல்லடம், காங்கேயம் சாலைகளில் வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் மயிலைப் பார்க்காதவர் இருக்க முடியாது. "செத்ததுதானே, எலும்பை எடுத்தால் என்ன?" என்று தோன்றும். எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, இறந்து கிடக்கும் வனவிலங்கும் அதன் உடற்பகுதிகளும் அரசின் சொத்து. கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற வன அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அவ்வகை விலங்குகள் தொடர்பான குற்றங்களுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கல்விக்காக எடுத்தேன் என்பது, முன் அனுமதி இல்லாத நிலையில், ஒரு பதிலாகாது. உடும்பு, கீரி, பாம்பு, நட்சத்திர ஆமை, ஆந்தை எதற்கும் இதே எச்சரிக்கைதான். தோட்டத்துக் கிணற்றில் கிடைத்த ஆமை ஓட்டைக் கூடத் தொகுப்பில் சேர்க்காதீர்கள்.

தவளையை அறுக்கும் பழைய வழக்கத்தை மறந்துவிடுங்கள். விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இலேயே தடை செய்துவிட்டது. நாம் செய்யும் வேலை உணவுக்காக வெட்டப்பட்ட விலங்கின் எலும்பைச் சுத்தம் செய்வது மட்டுமே. தொகுப்புக்கென்று எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை. தெருநாய், பூனை முதலியவற்றின் பிணங்களையும் தொடாதீர்கள். அங்கே சட்டத்தைவிட வெறிநோய்தான் அச்சம்.

3. கடையில் கேட்டு வாங்குவது

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடைக்குப் போய் எலும்பைப் பற்றிப் பேசினால் யாருக்கும் காது கொடுக்க நேரம் இருக்காது. செவ்வாய் அல்லது வியாழன் காலை ஏழு மணிக்குள் செல்லுங்கள். புரட்டாசி மாதம் வியாபாரம் மந்தமாக இருக்கும், கடைக்காரரும் நிதானமாகக் கேட்பார். ஆனால் அதன்பின் மழையும் குளிரும் வந்துவிடும் என்பதால் புரட்டாசியில் தொடங்குவது வேறு வழி இல்லாதவர்களுக்கு மட்டும். முந்தைய நாளே போய், "அண்ணா, பள்ளிக்கூடத்துக்கு எலும்பு வேணும், தலையைக் கொத்தாம முழுசாக் குடுங்க" என்று சொல்லி வைத்தால் வேலை எளிதாகும்.

ஆட்டுத் தலையில் மூளையை எடுப்பதற்காக வெட்டுவது வழக்கம். முழுத் தலையாகத் தர மறுத்தால், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தரச் சொல்லுங்கள். அப்போதும் இரு பக்கக் காதுப் பகுதிகளும் பெரும்பாலும் தப்பிவிடும். குறுக்காகக் கொத்தினால் தொகுப்பின் மிக மதிப்புள்ள எலும்புகள் அங்கேயே நொறுங்கிவிடும். கழுத்தை வெட்டாமல் ஒரே துண்டாகவும், முன்னங்காலைத் தோள்பட்டை எலும்பிலிருந்து குளம்பு வரை முழுதாகவும் கேளுங்கள். தனியாக விற்கும் ஆட்டுக்கால் பாயாவுக்காகத் தீயில் வாட்டப்பட்டது. எலும்பு பழுப்பேறியிருக்கும், வெளுக்காது. கோழிக் கடையில் தலையும் கழுத்தும் பாதமும் துண்டிக்கப்படாமல் வேண்டும் என்பதைக் கத்தி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ரசீது கேளுங்கள். சிறிய கடைகளில் அச்சிட்ட பில் இருக்காது. ஒரு துண்டுத் தாளில் தேதி, பொருள், எடை, விலை எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். எங்கிருந்து வந்த எலும்பு என்று பிற்பாடு யார் கேட்டாலும் காட்டுவதற்கு இதுதான் ஆவணம்.

4. பதிவேடும் அடையாளச் சீட்டும்

எலும்பைத் தண்ணீரில் போடுவதற்கு முன் பதிவேட்டைத் திறந்துவிடுங்கள். ஒரு நீள நோட்டில் வரிசை எண், விலங்கு, ஆணா பெண்ணா, ஏறத்தாழ வயது, வாங்கிய இடம், தேதி, ரசீது எண், எந்தப் பகுதி என்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். ரசீதுகளை நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கொசுவலைத் துணிப் பை தைத்து, அதற்குள் கெட்டித் தாளில் பென்சிலால் எண் எழுதிப் போடுங்கள். பேனா மை தண்ணீரில் போய்விடும், ஸ்கெட்ச் பேனா பெராக்சைடில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். இடது கால், வலது கால், கழுத்து எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டியவர்கள் பிறகு எலும்புகளை இனம் பிரிக்க வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

5. சதை நீக்கலும் ஊறவைத்தலும்

குக்கரில் வைக்காதீர்கள். அழுத்தத்தில் எலும்பைப் பிணைத்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது விரலில் உதிரும் சுண்ணாம்பு. திறந்த பாத்திரத்தில், கொதி வராமல் மெல்லிய தீயில், சதை தளரும் வரை மட்டும் வேகவையுங்கள். மஞ்சள் சேர்க்காமல் வேகவைத்துவிட்டு, சதையை எடுத்துத் தனியே குழம்பு வையுங்கள்.

பிறகு வலைப்பையோடு வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து மூடி, வெயில் படும் இடத்தில் வையுங்கள். மிச்சச் சதையைப் பாக்டீரியாக்கள் தின்று தீர்க்கும். சித்திரை வெயிலில் கோழிக்கு இரண்டு வாரமும் ஆட்டுத் தலைக்கு நான்கைந்து வாரமும் ஆகும். நாற்றம் கடுமையாக இருக்கும். தோட்டத்துச் சாளை (குடிசை) உள்ளவர்கள் அங்கே வையுங்கள். நகரத்தில் உள்ளவர்கள் மொட்டை மாடியில், பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு எதிர்ப்புறமாக, மூடிமேல் கல் வைத்து வையுங்கள். நாற்றம் பொறுக்காமல் தினமும் தண்ணீரை முழுதாக மாற்றினால் பாக்டீரியாக்களும் போய்விடும், வேலையும் நின்றுவிடும். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். கழிவு நீரைத் தெருச் சாக்கடையில் ஊற்றாமல் தென்னை மரத்தடியில் குழி பறித்து ஊற்றி மண்ணால் மூடுங்கள். கையுறை அணியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இந்த வேலையே வேண்டாம்.

தண்ணீரை ஊற்றும்போது ஒருபோதும் நேரடியாகக் கொட்டாதீர்கள். காடாத் துணி விரித்த தேநீர் வடிகட்டியில் வடித்துவிட்டு, துணியில் தங்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். ஏன் என்பது 7-ஆம் பகுதியில் விளங்கும்.

மீனுக்கு ஊறவைத்தல் வேண்டாம். சூடான நீரை மேலே ஊற்றி, பழைய பல் துலக்கியால் ஒவ்வோர் எலும்பாகப் பிரித்தெடுப்பது ஒரே நாள் வேலை. எலும்பு மீனின் தலை நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாகக் கழலும். கழற்றுவதற்கு முன்பும், ஒவ்வோர் அடுக்கை எடுத்த பின்பும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் எது எங்கிருந்தது என்று தெரியாது. எலும்பைக் காயவைக்கும்போது காகமும் எறும்பும் வரும். நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும் மேசையே பாதுகாப்பு.

6. எண்ணெய் நீக்கலும் வெளுப்பதும்

பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் எலும்புகளை ஊறவைத்து, நீர் மஞ்சளாகக் கலங்கும்போதெல்லாம் மாற்றுங்கள். கோழிக்கு ஒரு வாரம், ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரம். இதைத் தவிர்த்து நேரே வெளுத்தால், சில மாதங்களில் எண்ணெய் மேலே கசிந்து எலும்பு மஞ்சளாகிப் பிசுபிசுக்கும்.

வெளுக்க, மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை வாங்கி அதே அளவு நீர் கலந்து, ஓர் இரவு முதல் இரண்டு நாள் வரை வைத்தால் போதும். மூடியை இறுக்காதீர்கள், வெளிவரும் ஆக்சிஜன் டப்பாவை வெடிக்கச் செய்யும். பிளீச்சிங் பவுடரும் கழிவறைத் திரவமும் எலும்பையே அரித்துவிடும், பக்கத்தில் கூடக் கொண்டுவராதீர்கள். நிழலில் காயவையுங்கள், நேர் வெயிலில் பற்களும் மெல்லிய எலும்புகளும் வெடிக்கும்.

7. மூன்று தலைகளை அருகருகே வைப்பது

இந்தத் தொகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் சுருக்கிக்கொண்டாலும் இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

கட்லாவின் கீழ்த்தாடையைக் கழற்றினால் அது ஒரே எலும்பாக இருக்காது. பின்முனையில் ஆர்டிகுலர் என்ற பகுதி இருக்கும். அது மண்டையோட்டுப் பக்கமுள்ள குவாட்ரேட் என்ற எலும்பில் பொருந்துகிறது. தாடை அசைவது இந்த மூட்டில்தான். செவுள் மூடிக்கு உட்புறம், தாடை அமைப்பு முழுவதையும் மூளைப்பெட்டியோடு இணைக்கும் தட்டையான எலும்பு ஹையோமாண்டிபுலார். இம்மூன்றையும் தனித்தனிச் சிறு டப்பாக்களில் எடுத்து வையுங்கள்.

அடுத்துக் கோழித் தலை. இங்கும் தாடை மூட்டு ஆர்டிகுலருக்கும் குவாட்ரேட்டுக்கும் இடையிலேயே இருக்கிறது. குவாட்ரேட் சில மில்லிமீட்டர் அளவில் தனியே கழன்று வரும். காதுக்குள் ஒரே ஒரு மெல்லிய குச்சி எலும்பு இருக்கும், பெயர் காலுமெல்லா. மீனின் ஹையோமாண்டிபுலாருக்கு ஒப்பான எலும்பு அதுதான். தாடையைத் தாங்கும் வேலையை விட்டு ஒலியைக் கடத்தும் வேலைக்கு வந்துவிட்டது.

ஆட்டின் கீழ்த்தாடை பக்கத்துக்கு ஒரே எலும்பு. அது பொருந்தும் இடமும் வேறு, மண்டையோட்டின் பக்க எலும்பில். அப்படியானால் ஆர்டிகுலரும் குவாட்ரேட்டும் எங்கே போயின? வடிகட்டித் துணியில் தங்கியதைப் பாருங்கள். நல்வாய்ப்பு இருந்தால் அரிசி நொய் அளவில் மூன்று எலும்புகள் கிடைக்கும். கிடைக்காவிட்டால் காதுத் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டுங்கள். பாடநூலில் படித்த சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகள் இவையே. சுத்தி எலும்பு பழைய ஆர்டிகுலரிலிருந்தும், பட்டடை எலும்பு பழைய குவாட்ரேட்டிலிருந்தும், அங்கவடி ஹையோமாண்டிபுலாருக்கு ஒப்பான எலும்பிலிருந்தும் வந்தவை. பாலூட்டியின் கருவில் இவை தாடை வளைவுகளோடு சேர்ந்தே தோன்றுகின்றன என்பதை ஜெர்மானிய உடற்கூறியலாளர் ரைக்கெர்ட் 1837-இலேயே காட்டினார். இடைப்பட்ட நிலைக்குப் புதைபடிவச் சான்றும் உண்டு: சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மோர்கனுகோடான் என்ற சிறு விலங்குக்குப் பழைய மூட்டு, புதிய மூட்டு ஆகிய இரண்டும் ஒரே தாடையில் இருந்தன. தாடை எலும்பு காதுக்குப் போகும் நடுவழியில் விலங்கு எப்படிச் சாப்பிட்டிருக்கும் என்று மாணவர் கேட்கும் கேள்விக்கு இதுவே பதில்.

ஜிலேபிக் கெண்டை வேறொன்றுக்காக. அதன் மூளைப்பெட்டியின் அடிப்பகுதியைக் கத்தி முனையால் திறந்தால் இரு பக்கமும் வெள்ளைக் கற்கள் கிடைக்கும், காதுக்கற்கள். கட்லா, ரோகு போன்ற உண்மையான கெண்டை இனத்தில் இவை எளிதில் ஒடியும் அளவு மெலிந்திருக்கும். ஆகவே அதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கட்லாவில் தேட வேண்டியது பல். வாய்த் தாடையில் பல்லே இருக்காது. கடைசிச் செவுள் வளைவில், தொண்டைக்குள் வரிசையாக இருக்கும்.

8. கழுத்து, முன்னங்கால், கவட்டெலும்பு

ஆட்டுக் கழுத்தில் முள்ளெலும்பு 7. ஒட்டகச்சிவிங்கிக்கும் மனிதருக்கும் அதே எண்ணிக்கைதான். பாலூட்டிகளில் விதிவிலக்குகள் மிகக் குறைவு. கோழியில் 14 வரும். முள்ளெலும்பின் முகங்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: மீனில் இரு புறமும் குழி, கோழிக் கழுத்தில் சேண வடிவம்.

கோழிச் சிறகிலும் ஆட்டு முன்னங்காலிலும் ஹியூமரஸ் (மேற்கை எலும்பு) ஒன்று, ரேடியஸும் அல்னாவும் (முன்கை எலும்புகள்) அதற்கடுத்து என்ற வரிசை மாறவில்லை. கோழிக் கையில் மூன்று விரல்கள் மிஞ்சியிருக்கின்றன; ஆட்டில் மூன்றாம், நான்காம் விரல்களுக்குரிய உள்ளங்கை எலும்புகள் ஒன்றாகி ஒரே தண்டாக நிற்கின்றன, கீழ்முனையின் இரு குமிழ்களே அதைக் காட்டிக்கொடுக்கும். கட்லாவின் துடுப்பில் ஹியூமரஸைத் தேட வேண்டாம், அது கதிர்த்துடுப்பு மீன். நம் கையின் வரிசைக்கு முன்னோடி நுரையீரல் மீன் முதலான சதைத்துடுப்பு மீன்களின் கிளையில் இருக்கிறது. கனடாவின் வடகோடியில் 2004-இல் கிடைத்த, சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழைமையான, மீனுக்கும் நாற்கால் விலங்குக்கும் இடைப்பட்ட டிக்டாலிக் என்ற புதைபடிவத்தின் படத்தை அந்த இடத்தில் அச்சிட்டு ஒட்டுங்கள்.

கோழி நெஞ்சின் ‘வி’ வடிவக் கவட்டெலும்பு வெலோசிராப்டர் போன்ற தொன்மாக்களிலும் (டைனோசர்களிலும்) கிடைத்துள்ளது. இது கறி வெட்டும்போது முதலில் ஒடியும் எலும்பு. இரண்டு கோழிகளுக்குச் சொல்லி வையுங்கள்.

9. ஏணியாக அடுக்காதீர்கள்

மீன், கோழி, ஆடு என்று வரிசையாக வைத்தவுடன், மீன் கோழியாகி, கோழி ஆடானது என்று மாணவர் எழுதிவிடுவார்கள். மூன்றும் இன்று வாழும் விலங்குகள். கோழியின் வழியும் ஆட்டின் வழியும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆடு எந்தக் காலத்திலும் பறவையாக இருந்ததில்லை. அட்டையில் கிளைவரைபடம் வரைந்து, கிளை நுனிகளில் மட்டும் எலும்புகளை வையுங்கள். மற்றப் பறவைகளை விட்டுப் பார்த்தால், கோழிக்கு இன்று வாழும் மிக நெருங்கிய உறவு முதலை என்பதைக் காட்ட உடுமலைப்பேட்டை அருகிலுள்ள அமராவதி முதலைப் பண்ணைக்கு அழைத்துச் செல்லலாம்.

10. கடிதங்களும் காட்சிப்படுத்தலும்

பள்ளியில் வைப்பதற்கு முன் தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, "உணவுக்காக வெட்டப்பட்ட கோழி, ஆடு, மீன் ஆகியவற்றின் எலும்புகள்" என்ற தொடரை அப்படியே எழுதி, ரசீது நகல்களை இணைத்துக் கையொப்பத்துடன் ஒரு நகலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டு செல்லும் நாளில் அந்த நகலும் பதிவேடும் உடன் இருக்கட்டும். சைவ வழக்கமுள்ள வீட்டுப் பிள்ளைகள் தொட விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

வனவிலங்கு எலும்புகளைப் பார்க்க வேண்டுமானால் கோவை கௌலி பிரவுன் சாலையிலுள்ள காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. குழுவாகச் செல்வதானால் பள்ளியின் முகப்புத் தாளில் மாணவர் எண்ணிக்கை, தேதி, நேரம் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதி, திறக்கும் நாளை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் எலும்புகளின் பெயர்களைச் சரிபார்க்க, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி முதல்வருக்கு முறையாகக் கடிதம் எழுதி, உடற்கூறியல் துறையைப் பார்க்க அனுமதி கேட்கலாம். தேர்வுக் காலத்தைத் தவிர்த்து, இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே எழுதுங்கள்.

எலும்புகளை ஒட்டுவதற்கு ஃபெவிகால் பயன்படுத்துங்கள். தவறாக ஒட்டினால் வெதுவெதுப்பான நீரில் பிரிக்கலாம். உடனடிப் பசை வெள்ளைப் படலம் விட்டு, பிரிக்கவும் முடியாமல் போகும். காதெலும்புகளை ஒட்டவே வேண்டாம், பஞ்சு வைத்த மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு எண் எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் அந்துருண்டையும் போட்டு, பூஞ்சை பிடிக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.